சூப்பர்மேனின் அப்பாக்களைக் காப்பாற்றியது யார்?

நீல உடை, சிவப்பு அங்கி, நெஞ்சில் ‘எஸ்’ என்ற எழுத்து. எந்த ஊர்க் குழந்தையிடம் காட்டினாலும் ‘சூப்பர்மேன்!’ என்று சட்டென்று சொல்லிவிடும். அந்த சூப்பர்மேன் முதன்முதலில் பறந்து வந்தது 1938-ம் ஆண்டு வெளியான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில். அன்று அதன் விலை பத்து சென்ட். பத்திரமாகப் பாதுகாக்கப்பட்ட அந்த இதழின் பிரதி ஒன்று 2024-ல் ஏலத்துக்கு வந்தது. போன விலை, 60 லட்சம் டாலர்!

சரி, சூப்பர்மேனை உருவாக்கியவர்களுக்கு அன்று எவ்வளவு கிடைத்தது? 130 டாலர். எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை.

கதை எழுதியவர் ஜெர்ரி சீகல். படம் வரைந்தவர் ஜோ ஷுஸ்டர். 1975-ல் இருவருக்கும் வயது 61. ஷுஸ்டருக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், தம்பியின் ஆதரவில், ஒரு பழைய அபார்ட்மென்ட்டில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார். சீகலுக்கு இதயக் கோளாறு. லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் அரசு அலுவலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 7,000 டாலர் சம்பளத்தில் தட்டச்சுக் குமாஸ்தாவாக வேலை பார்த்தார்.

உலகத்தையே காப்பாற்றும் ஹீரோவைப் படைத்த இருவருக்கு, வயதான காலத்தில் கைகொடுக்க யார் வந்தார்கள்? அவர்களைப் போலவே மேஜையில் குனிந்து உட்கார்ந்து படம் போட்டுப் பிழைத்த சக ஓவியர்கள்தான் வந்தார்கள். அந்தக் கதை சூப்பர்மேன் கதையைவிடச் சுவாரஸ்யமானது. கஷ்டத்தில் இருக்கும் ஒரு கலைஞருக்கு எப்படி உதவ வேண்டும் என்பதற்கு ஒரு பாடமும்கூட.

ரொட்டிப் பலகையில் பிறந்தவன்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லேண்ட் நகரம்தான் சூப்பர்மேனின் நிஜமான பிறந்த ஊர். அங்குள்ள க்ளென்வில் உயர்நிலைப் பள்ளியில்தான் சீகலும் ஷுஸ்டரும் நண்பர்கள் ஆனார்கள். இரண்டு பேருமே புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள், கூச்ச சுபாவம் உள்ளவர்கள். சீகலின் அப்பா துணிக்கடை வைத்திருந்தார். 1932-ல் கடையில் நடந்த ஒரு திருட்டுச் சம்பவத்தின்போது அதிர்ச்சியில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். ஷுஸ்டரின் அப்பா தையல்காரர். குடும்பத்தில் எப்போதும் பணத் தட்டுப்பாடு.

படம் வரையப் பலகை இல்லை. அம்மா ரொட்டி மாவு பிசையும் பலகைதான் ஷுஸ்டருக்கு வரைபலகை. தாள் வாங்கக் காசு இல்லாதபோது, சுவரில் ஒட்டும் காகிதத்தின் பின்பக்கத்தில் வரைந்தார். குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்ற வழியில்லாமல், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டரும் கையில் உறையும் மாட்டிக்கொண்டு வரைந்தார். கண்பார்வை அப்போதே மந்தம். தாளில் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்துதான் வரைவார்.

இப்படி உருவான சூப்பர்மேனைப் பத்திரிகைகள் வருடக்கணக்கில் திருப்பி அனுப்பின. கடைசியில், பிற்பாடு ‘டி.சி. காமிக்ஸ்’ என்று பெயர் பெற்ற நிறுவனம் வாங்கிக்கொண்டது. 13 பக்கம், பக்கத்துக்குப் பத்து டாலர். 1938-ம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டு இளைஞர்களும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கையெழுத்தோடு சூப்பர்மேன் என்ற பாத்திரத்தின் மேல் இருந்த எல்லா உரிமையும் நிறுவனத்துக்குப் போய்விட்டது.

அந்த 130 டாலரையும் வேறு சில வேலைகளுக்கான தொகையையும் சேர்த்து 412 டாலருக்கு நிறுவனம் கொடுத்த காசோலை 2012-ல் ஏலத்துக்கு வந்தது. வெறும் காசோலைத் தாள்... 1,60,000 டாலருக்கு விற்றது!

பெயர் போனது, பிழைப்பும் போனது

ஆரம்ப வருடங்களில் இருவருக்கும் வருமானம் நன்றாகவே இருந்தது. கிளீவ்லேண்டில் ஸ்டுடியோ வைத்து, உதவி ஓவியர்களை அமர்த்தி வேலை செய்தார்கள். ஆனால், அது பக்கத்துக்கு இவ்வளவு என்று வந்த கூலி. சூப்பர்மேன் வானொலிக்குப் போனான், கார்ட்டூன் படமானான், பொம்மையானான். அந்தப் பணத்தில் பெரும்பகுதி வேறு பக்கம் போனது.

இரண்டாம் உலகப் போரில் சீகல் ராணுவத்தில் இருந்தபோது, அவர் ஏற்கெனவே யோசனை சொல்லியிருந்த ‘சூப்பர்பாய்’ அவருடைய சம்மதம் இல்லாமலே வெளிவந்தது. 1947-ல் நண்பர்கள் வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் சுமார் 94,000 டாலர் என்று சமரசம் ஆனது. அதில் கணிசமான பங்கு வக்கீல் செலவுக்கே போய்விட்டது. வேலை போனது. அதோடு, கதையின் முதல் பக்கத்தில் அச்சாகிவந்த இருவரின் பெயரும் காணாமல்போனது.

ஷுஸ்டர் மெள்ள மெள்ள ஓவிய உலகிலிருந்தே ஒதுங்கினார். கண் போன பிறகு ஓவியருக்கு ஏது வேலை? சீகல் 1950-களின் கடைசியில் அதே நிறுவனத்துக்குத் திரும்பிப்போய், தான் பெற்ற பிள்ளைக்கே பெயர் போடாமல் கதை எழுதிக் கொடுத்தார். 1960-களில் காப்புரிமையைத் திரும்பக் கேட்டவுடன் அந்த வேலையும் நின்றது. மறுபடி வழக்கு. 1973-ல் தோல்வி, 1974-ல் மேல்முறையீட்டிலும் தோல்வி. சட்டத்தின் கதவு சாத்தியாகிவிட்டது.

ஒரு தகப்பனின் சாபம்

1975-ல் ஒரு செய்தி வந்தது. சூப்பர்மேனைப் பிரமாண்டமான சினிமாவாக எடுக்கப்போகிறார்கள். ‘காட்ஃபாதர்’ நாவலை எழுதிய மரியோ பூசோ திரைக்கதை எழுதப் பெரும் தொகை பேசியிருக்கிறார்கள். உரிமைக்கும் பெரிய விலை. ஆனால், படைத்தவர்களுக்கு ஒரு சென்ட்கூட இல்லை.

சீகலுக்கு மனசு பொறுக்கவில்லை. தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தார். பல பக்கங்களுக்குத் தன் மனக்குமுறலையெல்லாம் கொட்டி ஓர் அறிக்கை தயாரித்தார். ‘இந்தப் படம் விளங்கக் கூடாது’ என்கிற அளவுக்குச் சாபம்! நூற்றுக்கணக்கான பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் அதைத் தபாலில் அனுப்பிவைத்தார்.

முதலில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு கலிஃபோர்னியாவில் ஒரு சிறு பத்திரிகை சீகலைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தது. செய்தி மெதுவாகக் கசிந்து பெரிய பத்திரிகைகளுக்குப் போனது. அதே ஆண்டு நவம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’, சூப்பர்மேனைப் படைத்தவர்கள் வறுமையில் வாடுவதை எழுதியது.

உண்டியல் குலுக்கவில்லை

அந்த அறிக்கை ஒரு 34 வயது ஓவியரின் கைக்கும் வந்தது. பெயர் நீல் ஆடம்ஸ். ‘பேட்மேன்’ கதைகளை வரைந்து புகழ்பெற்றவர். நியூயார்க்கில் சொந்தமாக ஸ்டுடியோ நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கும் சீகலுக்கும் ரத்த உறவு இல்லை. சீகலின் பிரச்னை தீரும்வரை ஓயக் கூடாது என்று அவரே முடிவு செய்தார். தனக்கு வேலை கொடுத்துவந்த நிறுவனத்தையே எதிர்த்து நிற்கவேண்டி வரும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

அவரோடு கைகோத்தவர் ஜெர்ரி ராபின்சன். 17 வயதிலேயே ‘பேட்மேன்’ ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். ‘ஜோக்கர்’ என்ற வில்லன் பாத்திரத்தின் பிறப்பில் பங்குள்ளவர். சீகலையும் ஷுஸ்டரையும் இளவயதிலிருந்தே தெரியும். முக்கியமாக, அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட்டுகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் என்பதால், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பது அத்துப்படி.

நிதி திரட்டி ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போவது சுலபம். இவர்கள் அதைச் செய்யவில்லை. ‘இவர்கள் பிச்சை கேட்கவில்லை, சேர வேண்டியதைக் கேட்கிறார்கள்’ என்ற நிலையிலிருந்து ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை.

ஆடம்ஸ் தொலைக்காட்சி நிலையங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் ஓயாமல் போன் போட்டார். சீகலையும் ஷுஸ்டரையும் நேராகவே தொலைக்காட்சியில் உட்காரவைத்தார். சூப்பர்மேனைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை, அவனை வரைந்தவரின் தடித்த கண்ணாடியையும் தயங்கிய பேச்சையும் முதன்முதலாகப் பார்த்தது. ராபின்சன் கார்ட்டூனிஸ்ட்டுகள் சங்கத்தைத் திரட்டினார். நார்மன் மெய்லர், கர்ட் வானகட் போன்ற பெரிய எழுத்தாளர்களின் ஆதரவைப் பெற்றார். தனி மனிதர்களின் புலம்பலாக இருந்தது ஒரு தொழிலின் குரலாக மாறியது.

நேரமும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. படம் வரப்போகிறது. குழந்தைகளையும் குடும்பங்களையும் நம்பி எடுக்கும் படம். நீதிக்காகப் போராடும் ஹீரோவைப் படைத்தவர்களுக்கே அநீதி என்று ஊர் பேசினால், எந்த நிறுவனத்துக்குத்தான் சங்கடம் வராது?

கடைசி நேர இழுபறி

சூப்பர்மேன் அப்போது வார்னர் நிறுவனத்தின் சொத்து. பேச்சுவார்த்தை நடந்தது. சட்டப்படி தங்களுக்கு எந்தக் கடமையும் இல்லை என்பதில் நிறுவனம் தெளிவாக இருந்தது. ஆனாலும் உதவத் தயார் என்றது. தொகை படிப்படியாக ஏறியது. ஒரே ஒரு விஷயத்தில்தான் சிக்கல்: பெயர். ‘உருவாக்கியவர்கள்: ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர்’ என்று மறுபடி போட வேண்டும் என்று நண்பர்கள் கேட்டார்கள்.

சீகல் களைத்துப்போயிருந்தார். இதய நோயாளி. முடிவைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்ற பயம். கிடைத்ததை வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம் என்ற எண்ணம்கூட அவருக்கு வந்தது. பெயரை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ராபின்சன் பிடிவாதமாக நின்றார். பொம்மைகளில் பெயர் வேண்டாம். புத்தகத்திலும் திரையிலும் வர வேண்டும் என்று ஒரு நடுவழியைக் கண்டுபிடித்தார்கள்.

1975 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆளுக்கு ஆண்டுதோறும் 20,000 டாலர், ஆயுள் முழுக்க. நிறுவன ஊழியர்களுக்கு உள்ளது போன்ற மருத்துவ இன்ஷூரன்ஸ். அவர்களுக்குப் பிறகு குடும்பத்துக்கும் ஓரளவு பாதுகாப்பு. கூடவே, அந்தப் பெயர்.

1976-ல் சூப்பர்மேன் காமிக்ஸில் இருவரின் பெயரும் திரும்ப அச்சானது. 1978 டிசம்பரில் படம் வெளியானது. சீகலின் சாபம் பலிக்கவில்லை, படம் சக்கைப்போடு போட்டது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. திரையில் அவர்கள் பெயரும் ஓடியதே!

கேட்க ஆளில்லாமல் போனவர்

ஓர் ஒப்பந்தத்தில் பெயர் இவ்வளவு முக்கியமா என்று தோன்றலாம். இன்னொரு ஓவியக் குடும்பத்தின் கதையைப் பார்த்தால் புரியும். பேட்மேனின் உடை, தோற்றம், கதைக்களம் என்று பலவற்றுக்கும் காரணமானவர் பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளர். ஆனால், ஒப்பந்தப்படி பாப் கேன் என்ற ஒருவர் பெயர்தான் எங்கும் அச்சாகும். ஃபிங்கர் 1974-ல் வறுமையில் இறந்துபோனார். அவருக்காகப் பேச அன்று ஒரு ஆடம்ஸ் கிளம்பவில்லை. அவருடைய பெயர் அதிகாரபூர்வமாகத் திரையில் வந்தது 2015-ல்தான். இடையில் 41 வருடங்கள்!

ஃபிங்கரோடு பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவர் ராபின்சன். சீகல் விஷயத்தில் பெயருக்காக அவர் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தார் என்பது இப்போது விளங்கும். பிற்காலத்தில், அங்கீகாரம் கிடைக்காத காமிக்ஸ் எழுத்தாளர்களுக்காக ஃபிங்கர் பெயரிலேயே ஒரு விருது உருவாகவும் அவர் காரணமாக இருந்தார்.

ஒழுகிய கூரை

சூப்பர்மேன் கருவான கிளீவ்லேண்ட் வீடு என்ன ஆனது? கிம்பர்லி அவென்யூவில் உள்ள அந்தப் பழைய மரவீட்டின் மாடியில்தான் சீகல் கதை எழுதினார். 2008-ல் நாவலாசிரியர் பிராட் மெல்ட்சர் தன் புத்தகத்துக்கான ஆராய்ச்சிக்காக அங்கே போனபோது வீடு பரிதாபமாக இருந்தது. கூரை ஒழுகியது, சுவரெல்லாம் சேதம்.

அங்கே ஒரு வயதான தம்பதி இருபது வருடத்துக்கு மேலாகக் குடியிருந்தார்கள். தேடிவரும் ரசிகர்களை முகம் சுளிக்காமல் வரவேற்றவர்கள். வீட்டை வாங்கி, அவர்களைக் காலிசெய்யச் சொல்லி மியூசியம் ஆக்கும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. அவர்கள் அங்கேயே இருக்கட்டும், வீட்டை மட்டும் சரிசெய்து கொடுப்போம் என்று முடிவானது.

மெல்ட்சரும் உள்ளூர் ரசிகர்களும் இணையத்தில் ஏலம் நடத்தினார்கள். காமிக்ஸ் ஓவியர்கள் தங்கள் படங்களை இலவசமாகக் கொடுத்தார்கள். டி-ஷர்ட் விற்றார்கள். ஒரு தொலைக்காட்சித் தொடரில் தலைகாட்டும் வாய்ப்பைக்கூட ஏலம் விட்டார்கள். ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கூரை மாறியது, வெளிச்சுவர் புதுப் பொலிவு பெற்றது, வாசல் வேலியில் சூப்பர்மேன் சின்னம் ஏறியது. ஷுஸ்டர் குடும்பம் குடியிருந்த கட்டடம் எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது. அந்த இடத்து வேலியில் முதல் சூப்பர்மேன் கதையின் பக்கங்களைப் பெரிதாக்கி மாட்டினார்கள்.

ஒரு தடவை கொடுத்தால் போதுமா?

1975 ஒப்பந்தத்தோடு எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆண்டுத் தொகை பிற்பாடு உயர்த்தப்பட்டது. ஆனாலும் 1992-ல் ஷுஸ்டர் இறந்தபோது அவர் விட்டுச்சென்றது கடன்தான். நிறுவனம் அந்தக் கடனை அடைத்து, அவருடைய தம்பிக்கும் தங்கைக்கும் ஆண்டுக்கு 25,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. சீகல் 1996-ல் மறைந்தார். உரிமைக்கான வழக்கை அவர்களின் குடும்பத்தார் அதன் பிறகும் வருடக்கணக்கில் நடத்தினார்கள்.

ஒருவருக்குப் பிரச்னை வந்த பிறகு ஓடுவதைவிட, நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்று காமிக்ஸ் உலகம் உணர்ந்தது. 2000-ல் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். இன்று அதன் பெயர் ‘ஹீரோ இனிஷியேட்டிவ்’. வயதான, நோயுற்ற காமிக்ஸ் கலைஞர்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, வீட்டு வாடகை, மளிகைச் செலவு என்று உதவுகிறார்கள். இன்னும் கை ஓடுகிறவர்களுக்கு மறுபடி வேலை கிடைக்கவும் வழிசெய்கிறார்கள். ஒரு கலைஞருக்கு மருந்தைவிட வேலை பல சமயம் தெம்பு கொடுக்கும்.

2004-ல் டேவ் காக்ரம் என்ற ஓவியர் சர்க்கரை நோயும் நிமோனியாவும் சேர்ந்து தாக்கி நியூயார்க்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ‘எக்ஸ்-மென்’ கதைகளில் வரும் ஸ்டார்ம், நைட்கிராலர் போன்ற பாத்திரங்களை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருக்காக சக ஓவியர்கள் ஆளுக்கொரு படம் வரைந்து கொடுத்தார்கள். அது அஞ்சலி மலராக வந்தது. நிறுவனத்திடம் பேசி அவருக்கு ஆதாயம் கிடைக்கவும் வழிசெய்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே நீல் ஆடம்ஸ். அப்போது அவருக்கு வயது 62.

உதவ நினைப்பவர்களுக்கு...

இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

* யாராவது ஒருவர் பொறுப்பை ஏற்க வேண்டும். சீகலின் அறிக்கையைப் படித்து ‘அடப் பாவமே’ என்றவர்கள் பலர் இருந்திருப்பார்கள். முடியும்வரை விடாமல் போன் செய்தவர் ஒருவர்.

* தனி ஆளாகப் போவதைவிடச் சங்கமாகப் போனால் மதிப்பு அதிகம். சங்கத்தில் இருப்பவர்களுக்கு யாரை அணுகுவது என்ற வழி தெரியும்.

* மொத்தமாக ஒரு தொகையைவிட, மாதாமாதம் வரும் சிறு தொகையும் மருத்துவக் காப்பீடும் மேல். வாடகையும் மருந்துச்சீட்டும் மாதம் தவறாமல் வரும். மொத்தப் பணம் ஒரே ஆஸ்பத்திரி பில்லில் கரைந்துவிடும்.

* அவருக்குச் சேர வேண்டியது ஏதாவது எங்கேயாவது பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ராயல்டி, ஓய்வூதியம், காப்பீடு... அதைக் கேட்டு வாங்கித் தருவது நன்கொடையைவிடப் பெரிய உதவி.

* அவருடைய கஷ்டத்தை வெளியே சொல்லும் முன் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது அவர் விருப்பம். நோயாளியின் படத்தைவிட அவர் படைத்ததைக் காட்டினாலே மக்கள் மனசு இளகும்.

ஆடம்ஸ் 2022-ல் காலமானார். ராபின்சன் அதற்கு முன்பே, 2011-ல் மறைந்துவிட்டார். அடுத்த முறை சூப்பர்மேன் படம் பார்க்கும்போது பெயர்கள் ஓடும் இடத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு பெயர்கள் வரும். அந்த ஒற்றை வரி திரும்பி வர மாதக்கணக்கில் அலைந்த இரண்டு நண்பர்களின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது.